சேம்சைடு

அந்த ஷட்டரைத் தூக்க வேண்டாம் அக்கா. புழுக்கமாகத்தான் இருக்கிறது, எனக்கும் தெரிகிறது. வெயில் முகத்தில் அடித்தால் இவருக்கு ஆகாது, உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். திருச்சூர் தாண்டட்டும், வெயில் தாழ்ந்துவிடும், நானே தூக்கிவிடுகிறேன்.

கறுப்புக் கண்ணாடியோடு தூங்குகிறாரே, இதென்ன பவிசு என்று நினைத்திருப்பீர்கள். பவிசெல்லாம் கிடையாது. வெளிச்சம் கூசுகிறது, அவ்வளவுதான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெளிச்சம் கூசுமா என்று என் மாமியார்கூடக் கேட்டார். வயது ஏற ஏற எல்லாருக்கும் கூசும்தானே? இவருக்கு இருபத்தொன்பது.

வேண்டாம் அக்கா, நீங்கள் சாப்பிடுங்கள். சரி, ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல நேந்திரங்காய் வறுவல்.

இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றீர்களே, அப்போதே சொல்லியிருப்பேன். வாய் வரவில்லை. நான் அப்படித்தான். கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சு. எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டவள் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் ஏறியதிலிருந்து போனையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். வீடியோவில்தானே பார்த்தீர்கள்? எல்லாரும் அதில்தான் பார்த்திருக்கிறார்கள். மாலத்தீவில் எடுத்தது. மேலே சிரிக்கிற பொம்மைகளை ஒட்டி, 'உலக மகா சேம்சைடு கோல்' என்று எழுதி, எவனோ மேளம் வேறு சேர்த்திருக்கிறான்.

ஆமாம். இவர்தான் அது. ஸ்தனிஸ். கேரளத்தில் ஸ்டானி என்பார்கள்.

சேம்சைடு என்றால் தெரியும்தானே? தன் கோலுக்குள் தானே பந்தை அடிப்பது. எங்கள் ஊரில் அது பந்து விளையாட்டோடு நிற்பதில்லை. தன் ஆட்களுக்கே ஒருவன் குழி பறித்தால், அவனையும் 'சேம்சைடு அடிச்சிட்டான்' என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை என் வீட்டுக்காரருக்கு வைத்துவிட்டார்கள். நாளைக்கு அதை அழித்துவிடப் போகிறோம். அதற்குத்தான் இந்தப் பயணம். திரூரில் ஒரு டோர்னமென்ட். மலேசியாவிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் ஸ்டாப்பர் தேடி வந்திருக்கிறார். ஒரு ஆட்டம் இவர் நன்றாக ஆடினால் போதும். ஒரே ஒரு ஆட்டம்.

ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நிற்கிறவர். எதிராளி உயர்த்தி அடிக்கிற பந்தெல்லாம் அவர் நெற்றிக்குத்தான் வரும். நெற்றியால் முட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் தூத்தூர்ப் பக்கம். பையன்கள் நடக்கப் படிப்பதற்கு முன்னால் உதைக்கப் படிக்கிற ஊர். அங்கே ஹெட் அடிப்பதைத் 'தலை கொடுப்பது' என்போம். பந்து மேலே எழும்பினால் மைதானத்தைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் கத்துவார்கள்: "தல குடுடே! தல குடுடே மக்கா!" இவர் ஒரு பந்தைக்கூட விட்டதில்லை. சின்ன வயதில் இவருடைய அண்ணன் மரியதாஸ், கடல் தண்ணீரில் ஊறிய பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பழக்கினாராம். ஊறிய பந்து கல் மாதிரி இருக்கும். அதற்கே தலை கொடுத்தவருக்கு மற்றதெல்லாம் பஞ்சு.

முதலில் சென்னையில் ஒரு ஆபீஸ் டீம். அப்புறம் கோவா. அப்புறம் கோழிக்கோடு. கோழிக்கோட்டில் ஒரு பேப்பரில் 'தமிழ்நாட்டிலிருந்து வந்த பாறை' என்று போட்டிருந்தார்கள். அதை வெட்டி பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நான் இவரை முதலில் பார்த்தது எங்கள் கல்லூரி மைதானத்தில். இவர் கோவாவிலிருந்து லீவில் வந்திருந்தார். எங்கள் ஊர் டீமுக்கு ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பூவரச மரத்தடியில், மற்ற பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மைதானத்து மூலையிலிருந்து உயர்த்தி அடிக்கிற கார்னர் பந்து ஒன்று வந்தது. இவரும் எழும்பினார், எதிர் டீம் கோல்கீப்பரும் எழும்பினார். கோல்கீப்பரின் முட்டி இவர் நெற்றிப்பொட்டில் பட்ட சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது. தேங்காயை உடைத்தது மாதிரி. இரண்டு பேரும் விழுந்தார்கள். பெண்கள் எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், நான் பொத்தவில்லை. இவர் எழுந்தார். நேராக நடந்து போய் எதிர் டீம் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்களிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தார். மைதானமே சிரித்தது. இவரும் சிரித்தார். என்ன குறும்பு பாருங்கள்! ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனதும், அடுத்த கார்னரில் அதே தலையைக் கொடுத்து ஒரு கோல்.

அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், "எந்த ஆட்டம்?" என்பார். ஒருதடவை இல்லை, கேட்கும்போதெல்லாம் அப்படித்தான். "அப்படி ஒரு கோல் நான் அடிச்சேனா பிள்ளே?" என்பார். இந்தக் காலத்தில் அவ்வளவு அடக்கம் யாருக்கு இருக்கிறது?

கோழிக்கோட்டில்தான் தொல்லை ஆரம்பித்தது. அங்கே கிளப்பில் பிசியோ ஒரு பெண். சுஹறா. என் வயதுதான் இருக்கும். தலையில் அடிபட்டு யார் விழுந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வருவாள். இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்குள் பார்ப்பாள். கேலரியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு அது தெரியும், இருந்தும் பார்ப்பாள். சரி, வேலை அப்படி, போகட்டும். பார்த்துவிட்டு ஐந்து கேள்வி கேட்பாள். இது எந்த மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? இதற்கு முந்தைய ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? இவ்வளவுதான். ஒருதடவை இவர் முதல் கேள்விக்கு "கோவா" என்று சொல்லிவிட்டார். கோவாவில் எத்தனையோ வருடம் ஆடியவர், வாய் தவறி வந்துவிட்டது. மற்ற நாலும் சரி. உடனே கையைத் தூக்கி, இவரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டாள்.

ஐந்துக்கு நாலு என்றால் எண்பது மார்க், அக்கா. எண்பது மார்க் வாங்கியவனை வெளியே உட்கார வைக்கிற பரீட்சை எங்கேயாவது உண்டா?

அதோடு விட்டாளா? ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மாலத்தீவுக் கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளே, பந்து இல்லேன்னா நான் யாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்தப் பெண்ணால் தாங்க முடியும்?

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். வைவா, அந்த வாய்மொழித் தேர்வு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாய் வராதவளுக்கு வைவாதான் பெரிய பயம். அதனால் யார் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே எடுத்துவைத்து மனப்பாடம் செய்துவிடுவேன். செய்முறைத் தேர்வில் தவளையின் மண்டை ஓட்டைத் திறந்து மூளையை உடையாமல் எடுத்து வைத்தேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "இந்த வருஷம் முழுசா எடுத்தது நீ ஒருத்திதாம்மா" என்றார். அவ்வளவு மிருதுவாக இருக்கும் அக்கா அது. தயிர் மாதிரி. இடுக்கி லேசாகப் பட்டாலே தழும்பு விழுந்துவிடும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், வைவா.

எந்தப் பரீட்சையிலும் கேள்வி மாறாமல் வந்தால் பாஸ் பண்ணுவது கஷ்டமே இல்லை. அந்த ஐந்து கேள்வியில் மூன்று, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பதில் தெரிந்த கேள்விகள். மைதானம், முந்தைய ஆட்டம், அதன் முடிவு. ஆட்டத்தன்று காலையில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தேன். யார் கோல் போட்டது என்பதற்குப் பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டுக்கொள்ளலாம். மிச்சம் ஒன்றுதான்: முதல் பாதியா, இரண்டாம் பாதியா? அதற்கு ஒரு கறுப்புக் கைப்பட்டை வாங்கிக் கொடுத்தேன். இதோ, இப்போதும் கட்டியிருக்கிறார் பாருங்கள். முதல் பாதியில் இடது கை. இடைவேளையில் கழற்றி வலது கை. மணிக்கட்டைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒருதடவைகூட ஃபெயில் இல்லை! எத்தனையோ தடவை விழுந்தார், எழுந்தார், ஐந்துக்கு ஐந்து. சுஹறாவுக்குத்தான் முகம் சுண்டிப்போய்விட்டது. ஒருநாள் என்னிடம் வந்து, அவளுக்குத் தெரிந்த தமிழில், "சேச்சி, பதில் எல்லாம் சரி. கண்ணுதான் சரியில்ல" என்றாள். தோற்றுப்போன வாத்தியார் பேசுகிற பேச்சு. நான் சிரித்துக்கொண்டேன்.

மாலத்தீவு கிடைத்தது. எங்கள் கடற்கரையிலிருந்து வெளிநாட்டுக் கிளப்புக்குப் போன முதல் ஆள் இவர்தான். கோயிலில் பூசை வைத்து, பங்குச்சாமியார் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். எனக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்ததைப் போனில்தான் சொன்னோம். பெயரை இவரே சொன்னார்: லியோனி. மாமியார் ஆக்னஸ் என்று வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவர் அங்கிருந்து போனிலேயே சண்டை போட்டார். "லியோனிதான். வேற பேரு வச்சா ஊருக்கே வரமாட்டேன்" என்றார். அவ்வளவு ஆசை. இப்போது பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அங்கே பிசியோ வயதான ஆள், ரொம்ப அன்பானவர் என்று சொன்னார். கேள்விகள்? அதே ஐந்து. இங்கிலீஷில். உலகம் முழுக்க ஒரே வினாத்தாள் அக்கா! நான் ஊரிலிருந்து போனில் பாடம் எடுத்தேன். கைப்பட்டையை மாற்ற ஞாபகப்படுத்துவதற்கு அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிரஜீஷ் என்கிற கண்ணூர்ப் பையனிடம் சொல்லிவைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை என்று சொன்னேன்.

அந்த செமிஃபைனலை நாங்கள் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிராளியின் முழங்கை இவர் காதுக்கு மேலே பட்டது. விழுந்தார். பிசியோ வந்தார். இவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், ஏதோ சொன்னார், பிசியோ முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கைதட்டினேன். பாஸ்!

இரண்டாம் பாதியில்தான் அது. எதிர் டீமுக்கு ஒரு கார்னர். இவர் ஆட்கள் எல்லாரும் கோலுக்கு முன்னால் காவலுக்கு நிற்கிறார்கள். இவர் மட்டும் மைதானத்தின் நடுவில் நின்று இடது கையைப் பார்க்கிறார். இன்னொருதடவை பார்க்கிறார். பிறகு ஓடி வருகிறார். எப்படி ஓடி வந்தார் தெரியுமா? எங்கள் கல்லூரி மைதானத்தில் ஓடி வந்தாரே, அதே ஓட்டம். எழும்பினார், தலையைக் கொடுத்தார், பந்து வலையைக் கிழிக்கிற மாதிரி உள்ளே போயிற்று. அவர் வாழ்க்கையிலேயே அதைவிட அழகான ஹெட்டர் கிடையாது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொடிக்கம்பம் வரைக்கும் ஓடினார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். நீங்கள் பார்த்த வீடியோ அதோடு முடிந்துவிடும்.

மணிக்கட்டைப் பார்த்தது சிக்னல் என்கிறார்கள் அக்கா! சூதாட்டக்காரர்களுக்குக் காட்டிய சிக்னலாம். கிளப் அந்த வாரமே இவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது. கேஸ் இல்லை, விசாரணை இல்லை, ஒரு பேச்சு இல்லை. ஊருக்கு வந்தால் ஊர் அதைவிட மோசம். மீன் கடையில் விக்டோரியா மாமி, பத்துப் பேர் நடுவில், "ஏ பிள்ளே, ஒங்க வீட்டுத் தரையில போட்டது சேம்சைடு டைல்ஸாக்கும்? நல்லா வழுக்குமாக்கும்?" என்றார். அந்த டைல்ஸ் கோழிக்கோட்டுச் சம்பளத்தில் போட்டது. சாளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்தது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிரஜீஷ் அன்றைக்குக் காய்ச்சலில் அறையிலேயே படுத்துவிட்டான். பட்டையை மாற்றச் சொல்ல ஆள் இல்லை. அது இடது கையிலேயே இருந்துவிட்டது. இடது கை என்றால் முதல் பாதி. இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறிவிடும்; முதல் பாதியில் இவர் டீம் அடிக்க வேண்டிய கோல் அதுதான். இவர் சரியாகத்தான் பார்த்தார், சரியாகத்தான் ஓடினார், சரியாகத்தான் அடித்தார். தப்பு முழுக்க அந்தப் பிரஜீஷுடையது.

இதைச் சொன்னால் களவாணிப் பெயர் போய்விடும். ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், எந்தப் பாதி என்பதுகூடத் தெரியாமலா ஆடினான் என்று கேட்பார்கள். அதற்கப்புறம் எந்தக் கிளப் எடுக்கும்? களவாணியைக்கூட மறுபடி எடுத்துக்கொள்வார்கள் அக்கா. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் ஷொர்ணூரில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

கொஞ்ச நாள் இவர் அண்ணனோடு வள்ளத்தில் போனார். ஒரே ஒரு நாள்தான் போனார் என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் மரியதாஸ் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, "பிள்ளே, இவன இனி கடலுக்கு விடாத" என்றார்.

"ஏன்ணே? வேல செய்யலியா?"

"வேலயெல்லாம் செய்வான். கரை எந்தப் பக்கம்னு கேக்கான் பிள்ளே. கோயில் மணிக்கூண்டு கண்ணு முன்னால நிக்கி. சொன்னா சரிங்கான். பொறவு திரும்பவும் கேக்கான். எனக்குப் பயமா இருக்கு."

பயமாம். தம்பி வெளிநாடு போய் வந்தான் என்கிற எரிச்சல். பந்து விளையாடுகிறவனுக்குக் கடலில் திசை தெரியவில்லை என்றால் கேட்கத்தானே செய்வான்? கேட்காமல் இருந்தால்தானே தப்பு? அன்றிலிருந்து அந்த வீட்டோடு நான் பேசுவதில்லை.

போன வாரம் திருவிழா ஆட்டம் இருந்தது, பூவாறு டீமோடு. ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்கவே கூடாது என்றிருந்தவர், நான் சொன்னதற்காக இறங்கினார். மலேசியா ஆளுக்கு ஆடுகிற வீடியோ வேண்டும் என்று கேட்டிருந்தார்களே. பையன்கள் கோலுக்குப் பின்னால் நின்று, "சேம்சைடே! சேம்சைடே!" என்று பாட்டாகவே பாடினார்கள். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எவ்வளவு பொறுமை! இரண்டாம் பாதியில் ஒருவனோடு தலை மோதிக்கொண்டது. எழுந்து ஆடி முடித்தார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து மணலில் குனிந்து வாந்தி எடுத்தார். மத்தியானம் கணவாய் மீன் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. நானும் அதே கணவாயைத்தான் சாப்பிட்டேன். சிலருக்குச் சேரும், சிலருக்குச் சேராது. அங்கேயே ஐந்து கேள்வியும் நானே கேட்டேன். ஐந்துக்கு ஐந்து.

ஏன் அக்கா, உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? ரயில் ஆட்டமா? தண்ணீர் குடியுங்கள்.

இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சுஹறாவும் இப்படித்தான் பார்ப்பாள். அவளுக்கு எப்படியோ நாளைய ஆட்டம் தெரிந்துவிட்டது. நேற்றுப் போன் செய்தாள். "சேச்சி, ஸ்டானியேட்டனை இறக்காதீங்க. ஒரு ஸ்கேன் எடுங்க, நானே கூட வாறேன். முந்தின அடி ஆறல. அதுக்கு மேல இன்னொரு அடி விழுந்தா ஆள் எழுந்திருக்க மாட்டாரு சேச்சி, அந்த இடத்துலயே முடிஞ்சுபோகும்" என்றாள். பிரயாணம் கிளம்புகிற வீட்டில் பேசுகிற பேச்சா இது? அவள் அழுதுகொண்டே பேசினாள். அடுத்தவள் புருஷனுக்கு இவள் ஏன் அழ வேண்டும்? நான் நம்பரையே பிளாக் செய்துவிட்டேன்.

நாளைக்கு எந்தத் தப்பும் நடக்காது. பட்டையை நம்பி மோசம் போனோம். பட்டையை ஆள் மாற்ற வேண்டியிருக்கிறது, ஆள் காய்ச்சலில் படுத்துவிடுகிறான். இந்தத் தடவை நானே. மேலே இருக்கிற பையில் ஒரு சிவப்புக் குடை தெரிகிறதா? நாளைக்கு அதைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் கோலுக்குப் பின்னால் உட்காரப் போகிறேன். குடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அடிக்க வேண்டும். இடைவேளையில் நான் எழுந்து மறு பக்கம் போய்விடுவேன். இவர் ஒன்றும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். குடையைப் பார்த்தால் போதும். அத்தனை பேர் நடுவில் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடக்க வேண்டும். கூட்டத்தில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள் நான். ஆனால் ஒருவருக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

முழித்துவிட்டார். உங்கள் மாதிரி ஆட்களுக்கு நேரில் காட்டினால்தான் நம்பிக்கை வரும். பாருங்கள் அக்கா.

"ஏங்க. தண்ணி வேணுமா? இந்த அக்கா தமிழ்க்காரங்கதான். சும்மா ஒரு தடவை சொல்லிப் பாப்போமா? இது எந்த கிரவுண்டு?"

"திரூர்."

"இப்ப எந்தப் பாதி?"

"மொதல் பாதி."

பார்த்தீர்களா, மணிக்கட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

"கடைசியா கோல் போட்டது யாரு?"

"இன்னும் யாரும் போடல."

"இதுக்கு முன்ன யாரோட ஆடினோம்?"

"பூவாறு. ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சோம்."

கேட்பதற்கு முன்னாலேயே ஐந்தாவதையும் சொல்லிவிட்டார்! ஐந்துக்கு ஐந்து. இவரைப் போய்... என்ன அக்கா? நீங்கள் ஒன்று கேட்கிறீர்களா? கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஏங்க, இந்த அக்கா உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். கண்ணாடியைக் கழற்றுங்க.

மகள் பெயரா?

ஏங்க. கேக்காங்கள்லா, சொல்லுங்க. நம்ம பிள்ளைக்கு என்ன பேரு?

இடது கையைப் பார்க்க வேண்டாம். அதில் இல்லை. வலது கையிலும் இல்லை. என் முகத்தைப் பாருங்க.

அதெல்லாம் கேட்கமாட்டார்கள் அக்கா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஐந்து கேள்விதான், அதற்கு மேல் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரிடம் பாடத்தில் இல்லாததைக் கேட்டால் யாருக்குத்தான் வரும்? நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? போனை எடுக்காதீர்கள், சுஹறா நம்பரெல்லாம் தர மாட்டேன், அவளிடம் பேச வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. உட்காருங்கள். ஷொர்ணூர் இன்னும் வரவில்லை. வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், அதிலென்ன இருக்கிறது, ஆறாவதாக இருக்கட்டும்.

ஏங்க, நான் சொல்லுறேன், நீங்க திருப்பிச் சொல்லணும். லியோனி. எங்க, சொல்லுங்க.

"லியோனி."

இன்னொரு தடவை.

"லியோனி."

பார்த்தீர்களா அக்கா? ஒரு தடவை சொன்னால் போதும். பிடித்துக்கொள்வார்.